தேசம்மாவை அழிக்கலாமா?

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைக்கு நாம் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கிறீர்களாம். இருக்கிற மூன்று தீமோடு, அதாவது திரையின் நிறத் தோற்றத்தோடு, இன்னும் நான்கு சேர்க்கப் போகிறீர்களாம். நிறங்களின் பட்டியல் இருக்கிற ஃபைலைத் திறந்தால் நடுவில் 'தேசம்மா' என்று ஒரு பகுதி வருகிறதாம். அதற்குள் இரண்டே இரண்டு நிறம். மேலே, 'இதில் கை வைக்காதே' என்று ஒரு குறிப்பு. "மேடம், யாரோ விளையாட்டுக்குப் போட்ட பேர் மாதிரி இருக்கு. எந்தத் தீமுக்குள்ளயும் அடங்க மாட்டேங்குது. அழிச்சிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் கேட்டதில்லை. அதோடு, ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என்னைப் பேசச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. வசமாக மாட்டிக்கொண்டீர்கள், முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் திருத்தணிக்காரி. பல வருடம் காலை ரயிலில் திருப்பதிக்கு வந்து மாலை ரயிலில் திரும்பியவள். முதலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெப்சைட், சாஃப்ட்வேர் எல்லாம் அதற்கப்புறம்தான். எத்தனையோ மாப்பிள்ளை வீட்டாருக்கு மெரூனுக்கும் அரக்குக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தவள் என்பதால், நிறம் என்றால் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. புடவைக் கடையில் விற்கிறவரையே திருத்துவேன். ஆபீஸிலும் எல்லா வேலைக்கும் பொதுவாக ஒரு நிறப் பட்டியல் போட்டு வைத்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஆலையின் மேனேஜர் சித்தூர்க்காரர். தெலுங்குதான் வீட்டு மொழி, நம்மிடம் பேசும்போது தமிழும் கலந்து வரும். அவர்தான் முதலில் தீம் கேட்டது.

"மேடம், இப்போ எல்லா ஃபோன்லயும் கலர் மாறுது கதா? மனகூ அதி காவாலி, நமக்கும் வேணும். நாங்க மட்டும் ஏன் பழசையே பார்க்கணும்?"

மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் வேலை என்று நானும் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் அதையே எழுதியிருப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த ஆலையை நீங்கள் நேரில் பார்த்ததில்லை அல்லவா, அதனால் சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலிருந்து வருவது பழம் இல்லை, முற்றிய காய். அதைப் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கி, பெரிய அறைகளுக்குள் வைத்துப் பழுக்க விடுவார்கள். அறைகளுக்கு முன்னால் சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும், டேப் என்போம். பழுத்த அறையைத் திறக்கச் சொல்லி அதன் திரையில் தொட்டால், அறையின் மறுபக்கத்துக் கதவு திறக்கும். அங்கே நிற்கிறவர்கள், திறந்த அறை என்றால் பழுத்தது என்ற நம்பிக்கையில் உள்ளே பார்க்காமலேயே கிரேட்டுகளைக் கழுவும் தொட்டிக்கு இழுத்துப் போவார்கள். அங்கிருந்து பழம் நேரே கூழ் எடுக்கும் மெஷினுக்குப் போய்விடும். பன்னிரண்டு அறைகள், திரையில் பன்னிரண்டு கட்டங்கள். காயாக இருக்கும் அறை பச்சைக் கட்டம், பழுத்த அறை மஞ்சள் கட்டம். எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ அப்படிப் போட்டிருந்தார். ஏன் அப்படிப் போட்டார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மூன்று தீம் செய்தேன். பழைய தோற்றத்தைத் தொடவே இல்லை; 'பழையது' என்று பெயர் மட்டும் வைத்தேன். வெளிச்சம் குறைந்த இடங்களுக்கு 'இருட்டு' என்று ஒன்று. மேனேஜரின் ஆசைக்காக உச்சியில் மாவிலைத் தோரணம் தொங்க 'உகாதி' என்று ஒன்று. புதிய இரண்டுக்கும் நம் ஆபீஸ் நிறப் பட்டியலையே எடுத்துக்கொண்டேன். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, கண் கூசுகிறதா, வெயிலில் பார்த்தால் தெரிகிறதா என்று எல்லாம் பார்த்தேன். நீங்கள் என்னவெல்லாம் பார்ப்பீர்களோ அத்தனையும் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம் சித்தூர் போய் எல்லாருக்கும் காட்டினேன். தோரணத்தைப் பார்த்துக் கணக்குப் பிரிவில் கைதட்டினார்கள். மேனேஜர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பழையதையே வைத்துக்கொண்டார். கேட்டு வாங்குகிறவர்கள் எப்போதும் இப்படித்தான்.

அங்கேதான் தேசம்மாவைப் பார்த்தேன். பழுக்க வைக்கும் அறைகளுக்கு இன்சார்ஜ். நாற்பது வயது இருக்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அவருடைய அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு மாங்காய் பறித்தவர். தேசம்மாவும் இந்த ஆலையில் காய் தரம் பிரிக்கும் 'சார்ட்டிங்' வரிசையில் நின்றுதான் ஆரம்பித்தார். எட்டு சீசன் நின்றபிறகு இன்சார்ஜ் ஆக்கினார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். தெலுங்கு பேசுவார், படிப்பது சிரமம். திரையில் கட்டத்துக்குள் இங்கிலீஷில் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருக்கும். அதை அவர் மட்டுமில்லை, அங்கே யாருமே படித்ததில்லை.

"இந்த டேப் வெளிச்சம் கண்ணுல குத்துது மேடம். ரூமாண்ட ஒரே இருட்டு, இது மட்டும் டியூப் லைட் கணக்கா எரிஞ்சிக்கினு கீது" என்றார்.

இதற்காகவே பிறந்தவள் மாதிரி நானே அவருடைய டேபில் தட்டி, 'இருட்டு' தீமுக்கு மாற்றிக் கொடுத்தேன். "இனிமே கண்ணுக்கு இதமா இருக்கும், பாருங்க."

"நல்லா கீது மேடம். குளுகுளுன்னு கீது" என்று அவர் சிரித்தார். அன்றைக்குத் திறக்க வேண்டிய அறைகளை எல்லாம் காலையிலேயே திறந்து முடித்திருந்தார்கள். நான் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும் வரை அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜரிடமிருந்து ஃபோன். ஏழாம் நம்பர் அறையில் முந்தின நாள்தான் காய் ஏற்றினார்களாம். அதைத் தேசம்மா திறந்துவிட்டார். பாதி அறை மெஷினுக்குள் போன பிறகு, லேபில் இருக்கும் பெண் ஒரு ஸ்பூன் கூழை வாயில் வைத்துவிட்டு அலறியிருக்கிறாள். வெளுத்துப்போய், பல் கூசும் புளிப்பு. லைனை நிறுத்தியாகிவிட்டது.

"அந்தம்மா மஞ்சளா இருந்ததுன்னு சாதிக்கிறாங்க மேடம். நான் என் கம்ப்யூட்டர்ல பார்க்கிறேன், ஏழாம் ரூம் பச்சை. சுத்தப் பச்சை. அபத்தம் சொல்றாங்க. யார் திறந்தாங்கன்னு லாக் எடுத்துட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள அவங்களைத் திரும்ப சார்ட்டிங்குக்கு அனுப்பிடறேன்."

அபத்தம் என்றால் தெலுங்கில் பொய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்படியே நம்பினேன். தப்பு செய்துவிட்டுப் பயத்தில் மஞ்சள் என்கிறார், பாவம் என்று நினைத்தேன். என் திரை பொய் சொல்லாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. இதை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

யார் எந்த அறையை எப்போது திறந்தார்கள் என்று சாஃப்ட்வேர் தானாகக் குறித்துவைக்கும் பதிவுதான் லாக். அதைப் பிரிண்ட் எடுத்தேன். எல்லாம் தெளிவாக இருந்தது. ஏழாம் அறை, காய், திறந்தவர் தேசம்மா. காயாக இருக்கும் அறையைத் திறக்க விடாமல் நீங்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். உள்ளே ஏதாவது ஆபத்து என்றால் எந்த அறையையும் திறக்க முடியவேண்டும் என்பது ஆலையின் கட்டளை. அதனால் 'நிச்சயமா?' என்று ஒரு கேள்வி மட்டும் வைத்திருந்தோம். ஆம் என்று தட்டுவதற்கே எல்லாருடைய விரலும் பழகியிருந்தது, உங்கள் விரலும் என் விரலும் போல.

நம் ஓனர் அந்தக் காகிதத்தைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "நம்ம மேல ஒண்ணும் இல்ல. குடுத்துட்டு வந்திடுங்க" என்றார். பஸ் ஏறினேன்.

மேனேஜர் அறையில் தேசம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் அவருக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. நேத்து நீங்கதான மாத்திக் குடுத்தீங்க. மஞ்சளாத்தான் இருந்திச்சி. நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறேன்?"

மேனேஜர் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "சூடண்டி, பாருங்க. பச்சையா, மஞ்சளா?"

பச்சைதான். கைப்பைக்குள் லாக் இருந்தது. ஏனோ அதை உடனே எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. நல்ல புத்தி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தேசம்மாவின் முகத்துக்கு நேரே அதை நீட்டச் சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான். "அவங்க பார்த்த டேபை ஒரு தடவை பார்த்துட்டு வரேன்" என்றேன். அதற்குள் மேனேஜருக்கு ஒரு ஃபோன் வந்தது. போங்க என்று கையைக் காட்டினார்.

அறைகளுக்கு முன்னால் இருக்கும் சுவரில் டேப் மாட்டியிருந்தது. 'இருட்டு' தீம். மஞ்சளும் பச்சையுமாகக் கட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. அழகாகத்தான் செய்திருக்கிறேன் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. என் ஃபோனில் அதே பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பிடித்தேன். என் ஃபோனில் இருந்தது 'பழையது'.

நான்காம் அறையில் அன்று காலைதான் காய் ஏற்றியிருந்தார்கள். ஃபோனில் அது பச்சை. டேபில் மஞ்சள்.

இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தேன், அதேதான். நம் ஆபீஸ் பட்டியலில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். வேலை முடிந்தது என்றால் பச்சை, காத்திருக்கிறது என்றால் மஞ்சள். உலகம் முழுக்க அப்படித்தானே என்று போட்டது. புதிய தீமில் பழுத்த அறை பச்சையாகவும் காயான அறை மஞ்சளாகவும் போய் உட்கார்ந்துவிட்டது. மேனேஜர் பார்த்தது ஒரு திரை, தேசம்மா பார்த்தது வேறு திரை. இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். நடுவில் இருந்த புத்திசாலி நான்.

ஓனருக்கு ஃபோன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஒரு வரி தானே? இப்பவே மாத்திடுங்க. லாக்கைக் குடுத்துட்டுக் கிளம்பிடுங்க. லாக்ல பொய் ஒண்ணும் இல்லையே. இது தெரிஞ்சா ஆலை நம்மை விட்டுடும், ஆறு பேரோட வேலை."

அவர் கெட்டவர் இல்லை. அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். இதையும் மறைக்கப் போவதில்லை, அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்தும்விட்டேன். மாற்றிவிட்டால் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. தேசம்மாவே திரும்ப வந்து டேபைப் பார்த்தாலும் ஏழாம் அறை பச்சையாகத்தான் இருக்கும்.

அப்போது அவரே ஒரு தட்டில் மாம்பழத் துண்டுகளோடு வந்தார். "பஸ்ஸுல வந்து சோர்ந்து கீறீங்க. துன்னுங்க மேடம். இது நெசமாலுமே பழுத்தது" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"எங்க நைனா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு மேடம், எம் பொண்ணு சொன்னாத்தான் ரூம்பு தொறக்கும்னு. நாளைக்கு நான் சார்ட்டிங்ல போயி நின்னா அவருக்கு இன்னா சொல்றது? அது கூடப் போவட்டும்." தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "எனுக்குக் கண்ணு கெட்டுப்போச்சா மேடம்? சாரு காட்டறாரு, பச்சையாத்தான் கீது. எனுக்கு மட்டும் எப்டி மஞ்சளாத் தெரிஞ்சிது? திருப்பதி ஆஸ்பத்திரில காட்டணுமா?"

அந்த நிமிடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும், இருபது வருடமாகக் காயும் பழமும் பார்த்த கண்ணை அவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். என் ஒரு வரியால்.

லேப்டாப்பை மூடினேன். "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு தேசம்மா. தப்பு என்னுது" என்று சொல்லி, ஃபோனையும் டேபையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன்.

அவர் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா மேடம் இது, காய்க்கு மஞ்சள் போட்டுக் கீறீங்க?"

"பச்சைன்னா சரி, போகலாம்னு அர்த்தம்னு..." என்று இழுத்தேன்.

"அது ரோட்டுல மேடம்! மரத்துல பச்சையா இருந்தா காய்தான? சின்னக் கொழந்தகூடச் சொல்லுமே!"

மூக்கு உடைபட்டது என்பார்களே, அது எனக்கு நடந்தது. மெரூனுக்கும் அரக்குக்கும் வித்தியாசம் சொன்ன மூக்கு. அடுத்த நொடி தேசம்மாவின் முகம் மாறியது. "அப்போ காலீலருந்து என்னப் பொய்க்காரின்னு சொல்லிக்கினு கீறாங்களே!" என்று எழுந்தவர், சுவரில் மாட்டியிருந்த டேபைச் சட்டத்தோடு பிடுங்கினார். இரண்டு திருகாணி தெறித்து விழுந்தது. டேப் ஒரு கையில், நான் ஒரு கையில். அப்படித்தான் மேனேஜர் அறைக்குள் போய்ச் சேர்ந்தோம்.

மேனேஜர் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார், டேபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏமிட்டண்டி இதி?" என்ன இது என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நிறத்தை மாற்றியது நான், தேசம்மாவுக்கு மாற்றிக் கொடுத்ததும் நான், காலையில் அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்ததும் நான். லாக்கையும் எடுத்து மேஜையில் வைத்தேன். அது உண்மைதான், ஆனால் அவர் திரையில் என்ன தெரிந்தது என்பது அதில் இல்லை என்றேன். சொல்லி முடித்ததும் நன்றாகப் பசித்தது. அது நினைவிருக்கிறது.

மேனேஜர் ஆலையின் சம்பவப் பதிவேட்டை எடுத்தார். 'காரணம்' என்ற இடத்தில் தேசம்மாவின் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார். "மீரே ராயண்டி." நீங்களே எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். தேசம்மா எட்டிப் பார்த்தார். "இங்கிலீஷுல கிறுக்கிக்கினு போனா எனுக்கு எப்டித் தெரியும்? படிங்க" என்றார். நான் தமிழில் சத்தமாகப் படித்தேன். "இன்னொரு தபா" என்றார். இரண்டாம் தடவை படித்தபோது மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதிவேட்டை மூடிவிட்டு அவர் தேசம்மாவிடம், "க்ஷமிஞ்சம்மா" என்றார். மன்னித்துவிடு அம்மா என்றது இரண்டு பேருக்குமே போதுமானதாக இருந்தது.

ஆலை நம்மை விடவில்லை. ஓனர்தான் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புளித்த கூழைத் தனியாக வைத்திருந்தார்கள். மாங்காய்ப் பானம் செய்கிற யாரோ அதை வாங்கிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கோடையில் யாராவது உப்பும் சீரகமும் போட்டு என் தப்பைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இனி எந்தத் தோற்றமும் முதலில் தேசம்மாவிடம் போக வேண்டும். நம் ஆபீஸில் இத்தனை கறாரான பரிசோதகர் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. ரோஜா நிறத் தீம் ஒன்றை, "இது இன்னா, பல்பொடி கணக்கா கீது" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், கட்டத்தின் நிறம் மட்டும் எதிலும் மாறக் கூடாது என்றார். அந்த இரண்டு நிறத்தையும் எல்லாத் தீமுக்கும் வெளியே எடுத்துத் தனியாக வைத்தது அப்போதுதான்.

'காய்', 'பழம்' என்றே பெயர் வைத்திருக்கலாமே என்பீர்கள். வைத்திருந்தால் பட்டியலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று என்னைப் போல் ஒரு கெட்டிக்காரர் வந்து ஓசைப்படாமல் திருத்தியிருப்பார். ஒரு மனுஷியின் பெயர் இருந்தால் யார் இது என்று கேட்கத் தோன்றும். உங்களில் ஒருவருக்குத் தோன்றியது, கேட்டுவிட்டார். அவர் யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த முறை திருப்பதி வரும்போது அவருக்கு ஒரு காபி வாங்கித் தருகிறேன்.

ஒவ்வொரு வருடமும் முதல் லோடு காய் வந்து இறங்கியதும் தேசம்மா எனக்கு ஃபோன் செய்வார். இப்போது மேடம் இல்லை, அக்கா. என் முட்டிவலி, அவருடைய நைனாவின் இருமல் எல்லாம் பேசி முடித்து, வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று கேட்பார்.

"யக்கா, எம் பேரு இன்னும் அதுல கீதா?"

"கீது" என்பேன்.

இன்னும் இரண்டு வாரத்தில் காய் வர ஆரம்பித்துவிடும், ஃபோனும் வரும். ஒரு தடவை அவரைப் பொய்க்காரி என்று நினைத்தவள் நான். அவரிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.